ஐந்தாம் எண்ணின் இடது பக்கம்

பக்கத்தில் உட்கார்ந்து தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உதவாமல் இருப்பதுதான் எங்கள் தொழிலில் திறமை.

நீங்களும் என்றாவது ஒரு வலைத்தளத்தில் ஏதோ ஒரு பொத்தானைத் தேடித் தேடி, ‘நமக்குத்தான் புத்தி போதவில்லை’ என்று எழுந்து போயிருப்பீர்கள். புத்தி போதாதது உங்களுக்கு அல்ல, அந்தத் தளத்தைச் செய்தவர்களுக்கு என்று நிரூபிப்பது என் வேலை. தாம்பரம், பம்மல், கீழ்க்கட்டளை, பீர்க்கன்கரணை ஆகிய நான்கு இடங்களில் சிறிய நூலகங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளை, புதிதாக ஒரு வலைத்தளம் செய்தது. வீட்டிலிருந்தே புத்தகத்தைத் தேடி, ‘எடுத்து வை’ என்ற பொத்தானை அழுத்தினால் புத்தகம் உங்கள் பெயர்ச் சீட்டோடு அலமாரியில் காத்திருக்கும். அதை ஊருக்குத் திறந்துவிடும் முன் சாதாரண வாசகர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

இதற்கு மூன்று விதிகள் உண்டு. ஒன்று, உதவக் கூடாது. அவர் கேள்வி கேட்டால் ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரண்டு, மனதில் ஓடுவதை எல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று, பின்னால் ஒருவர் உட்கார்ந்து சத்தமில்லாமல் குறிப்பெடுப்பார். சோதனை முடிந்து வாசகர் போனதும், அடுத்தவர் வருவதற்குள், குறிப்பெடுத்தவரிடம் ‘என்ன பார்த்தீங்க?’ என்று கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு எப்போதும் ஏதாவது தப்பிவிடும்.

நான்கு கிளைகளிலும் எனக்குக் குறிப்பெடுத்தவர் தாம்பரம் கிளையின் நூலகர், ஞானசெல்வி மேடம். கீழே எழுதியிருப்பதில் ஒரு பகுதி அவர் என்னிடம் சொன்னது. அதைப் பல வருஷங்களாக நம்பியும் நம்பாமலும் இருந்து வந்திருக்கிறேன். நம்பினால் எனக்கு நல்லது. என் சந்தேகமே அதனால்தான்.

பம்மலில் ஒரு குரல்

பம்மல் கிளைக்கு வந்தவர் தோல் கையுறை தைக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் வெட்டும் வேலை செய்பவர். மவுஸைக் கத்திரிக்கோல் பிடிப்பது போலப் பிடித்தார். மகளுடைய பள்ளிக்கூட வேலைக்காக எரிமலை பற்றி ஒரு புத்தகம் தேட வேண்டும். ஐந்து நிமிஷம் தேடிவிட்டு என்னை முறைத்தார். “இன்னா சார் இது, நீயே ஒளிச்சு வெச்சுட்டு என்னியத் தேடச் சொல்ற? தெரிஞ்சா சொல்லேன், பேஜாரா கீது.” நான் வழக்கம் போல, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றேன். “நீ வெளங்கமாட்டேன்னு நெனைக்கிறேன்,” என்றார். பின்னால் ஞானசெல்வி மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வாய்விட்டுப் பேசச் சொன்னால் முதல் பத்து நிமிஷம் நம்மிடம்தான் பேசுவார்கள். அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வரும். குரல் தாழ்ந்து போகும். நாம் பக்கத்தில் இருப்பதை மறந்துவிடுவார்கள். அவரும் அப்படித்தான் ஆனார். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இரு கண்ணு, அவசரப்படாத. அப்பா தேடிக்கினுதானே கீறேன். கையை எடு,” என்றார். நான் என்னை அறியாமல் அவர் முழங்கைப் பக்கம் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஆனால் அவர் முழங்கையைச் சற்று விலக்கி, யாருக்கோ இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

சோதனை முடிந்ததும், யாரோடு பேசினீர்கள் என்று கேட்டேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அது. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “யார்கூட சார்? நான் வாயே தொறக்கலியே.”

கீழ்க்கட்டளைத் திரை

கீழ்க்கட்டளையில் அன்று மூன்று பேர். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், ஒருவர் போன பிறகு ஒருவர் வந்தவர்கள். மூன்று பேரும் திரையின் மேல்பக்கம், வெறும் வெள்ளையாக இருந்த ஓர் இடத்தில் போய் கிளிக் செய்தார்கள். அங்கே எழுத்தும் இல்லை, படமும் இல்லை. முதல் ஆள் செய்தபோது கை தவறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது பெண்மணி அதே இடத்தில் மூன்று முறை அழுத்தினார். மூன்றாமவர் அந்த வெள்ளையில் கிளிக் செய்துவிட்டு, தன் பெயரை டைப் செய்யவும் தொடங்கினார்.

மூன்றாமவர் போன பிறகு, விதிப்படி மேடத்திடம் “என்ன பார்த்தீங்க?” என்றேன். “நீங்க அந்த நாற்காலியில உட்கார்ந்து பாருங்க சார்,” என்றார். வாசகர் நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்தேன். அந்த வெள்ளையில், மிக மங்கலாக, ஒரு கட்டம் தெரிந்தது. பழைய வலைத்தளத்தின் தேடும் பெட்டி. அந்தப் பழைய மானிட்டரில் வருஷக்கணக்காக ஒரே பக்கம் திறந்தபடியே இருந்ததால், அதன் நிழல் திரையிலேயே பதிந்துவிட்டிருந்தது. பக்கவாட்டில் இருக்கும் என் நாற்காலியிலிருந்து அது தெரியாது. கிளை உதவியாளர் அக்கா ஒரு ஈரத்துணியோடு வந்து எங்கள் இருவரையும் விலக்கிவிட்டு, திரையை ஒரு முறை துடைத்துக் காட்டினார். “அது பழைய சைட்டு சார். எடுத்தாச்சு, ஆனா போகலை.”

ஐந்தாம் எண்

எங்கள் அறிக்கைகளில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். தாம்பரத்தில் ஐந்தாம் எண்ணாக வந்தவர் ஜெயசீலன் சார். சேலையூரில் வீடு, கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சூரிய கடிகாரம் செய்வது பற்றிய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து வைக்க வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். “மொட்டை மாடியில ஒண்ணு செய்யப்போறேன் தம்பி. நிழல் பொய் சொல்லாது,” என்றார். தேடுவதற்கான பட்டியல் திரையின் இடது ஓரத்தில் இருந்தது. அன்று தாம்பரத்தில் அவருக்கு முன் வந்த நால்வரில் மூன்று பேர் அதை உடனே கண்டுபிடித்தார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

சார் பக்கத்தின் தலைப்பை வாய்விட்டுப் படித்தார். ‘தாம்பரம் கிளையில் புதிய நூல்கள்’ என்று இருந்தது. “புதிய நூல்கள்,” என்று படித்தார். பெரிய எழுத்தில் இருந்ததையே பாதி விட்டுவிட்டார் என்று எனக்குள் ஒரு தொழில் சந்தோஷம். தலைப்பு எழுத்துரு சரியில்லை என்று அறிக்கையில் எழுதலாம். பிறகு அவர் திரையின் வலது பாதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். “தேடுறதுக்கு ஒண்ணுமே இல்லையே தம்பி. நான் தப்பா பண்றேனா?” “நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?” கொஞ்ச நேரம் கழித்து, “இந்தக் கைப்பக்கம் ஏதாவது இருக்கா?” என்று இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அதற்கும் எங்களிடம் மனப்பாடப் பதில் இருக்கிறது. “அங்க இருக்கும்னு எதிர்பார்க்கிறீங்களா சார்?” என்றேன். அவர் காதுமடல் சிவந்தது. நாற்பது நிமிஷம். நாற்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற ஒருவரை, ஒரு பொத்தானுக்காக நாற்பது நிமிஷம் உட்காரவைத்தேன். இடது கைப்பக்கம் வைத்திருந்த டீயை அவர் தொடவே இல்லை. அது ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது.

கண்டுபிடிக்காமலேயே முடித்தோம். மாடிப்படி வரை நான் அவரோடு போனேன். அறையை விட்டு வெளியேறும்போது கதவு நிலையில் அவர் இடது தோள் இடித்தது. அவர் கதவிடம் மன்னிப்புக் கேட்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். “பரீட்சை ஹால்ல நானும் இப்படித்தான் தம்பி நின்னிருக்கேன், பதில் தெரிஞ்சும் சொல்லாம.”

பட்டியல் வலது பக்கம் போனது

‘இடது ஓரப் பட்டியல் பயனர் கண்ணில் படவில்லை, வலது பக்கம் மாற்றவும்’ என்று அறிக்கையில் எழுதினேன். தாம்பரத்தில் வந்தவர்களில் ஒருவர் முழுமையாகத் தோற்றார், ஒருவர் தயங்கினார் என்பது ஆதாரம். தோற்றவரின் முகம் என் கண்ணில் நின்றதால் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்தேன். அந்த ஒருவருக்கே ஏதாவது இருக்குமோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தொழிலின் வேதம் அப்படி: தவறு ஒருபோதும் மனிதரிடம் இல்லை, தளத்தில்தான். இதைவிட அன்பான கொள்கை கிடையாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மாற்றிய தளத்தோடு பீர்க்கன்கரணை கிளைக்குப் போனோம். பெருங்களத்தூரிலிருந்து ஐ.டி. கம்பெனி பஸ் பிடிக்கும் ஓர் இளம்பெண் வந்தாள். புத்தகத்தை ஒரே நிமிஷத்தில் எடுத்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். “வேலை நடக்குது சார், ஆனா லேஅவுட் ஒரு மாதிரி இருக்கே. எல்லாத்தையும் ரைட் சைடுல தள்ளி, லெஃப்ட்டை காலியா விட்டிருக்கீங்க. லெஃப்ட் பக்கம் பார்வையே இல்லாத யாருக்கோ செஞ்ச மாதிரி இருக்கு.” பின்னால் பேனா கீறும் சத்தம் நின்றது.

எனக்குக் கதவு நிலையில் இடித்த தோள் ஞாபகம் வந்தது. அடுத்து டீ. அடுத்து, பாதியாகப் படிக்கப்பட்ட தலைப்பு. இரண்டு மாதமாக என் கண் முன்னால் இருந்தவை, அப்போதுதான் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. அந்தப் பெண் போனதும் நான் பின்னால் திரும்பினேன். வழக்கமான கேள்வியை நான் கேட்பதற்குள் மேடம் குறிப்பேட்டை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சார், அஞ்சாம் நம்பர் இறந்துட்டார். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்.”

ஏரிக்கரையில் கேட்டது

அன்று மேடமும் நானும் பீர்க்கன்கரணை ஏரிக்கரை ஓரமாகவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவர் வீடும் அந்தப் பக்கம்தான். சோதனை முடிந்த பதினோராம் நாள், ஜெயசீலன் சார் வேளச்சேரி சாலையைக் கடந்திருக்கிறார். முதல் பாதியைச் சரியாகக் கடந்துவிட்டார். அதில் வண்டிகள் வலது பக்கமிருந்து வரும். நடுவில் நின்று, பிறகு இரண்டாம் பாதியில் கால் வைத்தபோது, இடது பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ. ஹார்ன் அடித்ததாக எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்பே மூளையில் ஒரு சின்ன அடைப்பு வந்திருக்க வேண்டும், இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போயிருக்கிறது, சில பேருக்கு அது போனதே தெரியாது என்று டாக்டர் அவர் மகளிடம் சொன்னாராம். அடக்க ஆராதனையில் மகள் மேடத்திடம் சொல்லி அழுதிருக்கிறார்.

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். பதினோரு நாள். அன்றைக்கே யாராவது ‘சார், உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியுதா?’ என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மறுநாளே ஒரு டாக்டர் அவரைப் பார்த்திருப்பார், தனியாகச் சாலை கடக்க மகள் விட்டிருக்க மாட்டார். அந்த யாராவது நான்தான். அவருக்கு ஒரு அடி தூரத்தில் இருந்தேன். அப்போதுதான் மேடம் இதைச் சொன்னார். “நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க சார். நடுவுல உங்களுக்கு ஒரு போன் வந்து வெளிய போனீங்க. அப்போ அவர் என்கிட்ட சொன்னார்: ‘இடது பக்கம் எனக்குச் சரியாத் தெரியலை மேடம். தம்பிகிட்ட சொல்லாதீங்க, டெஸ்ட்டை நிறுத்திடுவார். திங்கட்கிழமை கண் டாக்டரைப் பார்க்கப் போறேன்.’ அவருக்கே தெரிஞ்சிருந்தது சார்.”

சனிக்கிழமைச் செய்தி

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வருஷங்களை ஓட்டினேன். ஆனால் அது முழுசாக என் கைக்குள் உட்காரவில்லை. சில பேருக்குத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அவருக்கே தெரியும் என்று மேடம் சொன்னார். தெரிந்தவர் எதற்கு நாற்பது நிமிஷம் காது சிவக்க உட்கார்ந்திருக்க வேண்டும்? சோதனை நடுவில் போன் எடுப்பவன் அல்ல நான். ஆனாலும் ஒரு நாள் எடுத்திருக்கலாம். போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. போகவில்லை என்றும் ஞாபகம் இல்லை.

ஒரு நாள் காலை ஜெயசீலன் சாரின் மகள் போன் செய்தார். தளத்தின் அடியில் கருத்து சொல்வதற்கு என்று என் எண்ணைத்தான் போட்டிருந்தார்கள். புகார் இல்லை, ஒரு சந்தேகம் என்றார். அப்பாவின் போனை அவர் அணைக்காமல் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாராம். சனிக்கிழமைதோறும் அதில் ஒரு செய்தி வருகிறது: ‘ஜெயசீலன் அவர்களே, நீங்கள் கேட்ட நூல் தயாராக உள்ளது.’ நான் கணினியில் பார்த்தேன். சூரிய கடிகாரப் புத்தகம் அவர் பெயரில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. தேதி, சோதனை நடந்த அதே நாள். அவர் அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்கவே இல்லை; ‘முடிக்கவில்லை’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். தவிர, ஒரு வாரத்தில் யாரும் எடுக்காவிட்டால் அந்தப் பதிவு தானாக ரத்தாகிவிடும். இது வாராவாரம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

மேடத்திடம் கேட்டேன். “நீங்க வெளிய போனப்போ தலையைத் திருப்பிப் பார்த்து அவரேதான் போட்டார் சார். புதுப்பிக்கிறது மட்டும் நான். ரத்து பண்ண மனசு வரலை,” என்றார். மகளிடம் நான் திரும்பப் பேசினேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது, ஆனால் ‘செய்தியை நிறுத்திவிடட்டுமா?’ என்று மட்டும்தான் கேட்டேன். “வேண்டாம் சார். அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுறது இப்போ அது ஒண்ணுதான்.”

நிறுத்த மறந்த பதிவு

ஒவ்வொரு சோதனையையும் பதிவு செய்வோம். திரையும் குரலும் பதிவாகும். அறிக்கை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். ஐந்தாம் எண்ணுடையதை மட்டும் நான் அழிக்கவில்லை, கேட்கவும் இல்லை. கேட்காமல் இருக்கும்வரை மேடம் சொன்னது உண்மையாக இருக்க இடம் இருந்தது. இந்த வருஷம் வீடு மாற்றும்போது அந்த ஹார்ட் டிஸ்க் கையில் அகப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

முழுவதும் கேட்டேன். எந்தப் போனும் வரவில்லை. நான் எழுந்து போகவில்லை. “நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?” என்று பதினோரு முறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அதே இதமான குரல். கடைசியில் நன்றி சொல்கிறேன். நாற்காலிகள் நகர்கின்றன. கதவு நிலையில் ‘டப்’ என்று ஒரு சத்தம். இரண்டு பேரின் காலடிகள் நடைபாதையில் தேய்கின்றன. பதிவை நிறுத்த மறந்திருக்கிறேன். அறையில் மின்விசிறி மட்டும் ஓடுகிறது.

பிறகு ஒரு நாற்காலி முன்னால் இழுக்கப்படுகிறது. திரையில் அம்புக்குறி அசைகிறது. ஆள் இல்லாத நாற்காலியிலிருந்து அசைவது போல இருந்தது எனக்கு. அம்புக்குறி நேராக இடது ஓரத்துக்குப் போகிறது. தேடல், சூரிய கடிகாரம், ஜெயசீலன், ‘எடுத்து வை’. அந்தப் பொத்தான் அழுந்தும்போது மேடத்தின் குரல் கேட்கிறது. பம்மல்காரருடைய அதே தாழ்ந்த குரல், தான் பேசுவது தனக்கே தெரியாத குரல். உடனே என் காலடி திரும்பி வருகிறது. “ஆறாம் நம்பர் வெயிட் பண்றார் மேடம், வரச் சொல்லலாமா?” என்று அவசரமாகக் கேட்கிறேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மின்விசிறி மூன்று சுற்றோ நான்கு சுற்றோ சுற்றும் அளவு இடைவெளி. அந்த இடைவெளியில் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. எல்லாக் கிளையிலும், எல்லா எண்ணுக்கும் பிறகு கேட்ட கேள்வி. அன்று மட்டும் ஆறாம் எண்ணுக்காக அதை விட்டுவிட்டேன். “வரச் சொல்லலாம் சார்,” என்கிறார். நான் பின்னால் ஓட்டி, அவர் தனியாகச் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். “பாவம்... இந்தப் பக்கமே அவருக்குத் தெரியலை போலிருக்கே.”

பின்னால் இருந்த நாற்காலி

ஓய்வு பெற்ற பிறகும் மேடம் பீர்க்கன்கரணையில்தான் இருக்கிறார். போன மாதம் போனேன். கண்ணில் அறுவை சிகிச்சை செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்து, “யாரு, சாரா? முடியெல்லாம் எங்க போச்சு?” என்று சிரித்தார். காபி வந்தது. நூலகத்தைப் பற்றிப் பேசினோம். அந்தப் புத்தகத்தை இப்போது புதிய நூலகர் புதுப்பிக்கிறாராம். மேடம் வாரம் ஒரு முறை போன் செய்து ஞாபகப்படுத்துகிறார்.

நான் ஜெயசீலன் சாரின் பேச்சை எடுத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அதான் சொன்னேனே சார். ‘இடது பக்கம் எனக்குச் சரியாத் தெரியலை மேடம். தம்பிகிட்ட சொல்லாதீங்க, டெஸ்ட்டை நிறுத்திடுவார். திங்கட்கிழமை கண் டாக்டரைப் பார்க்கப் போறேன்.’” ஏரிக்கரையில் சொன்னதற்கும் இதற்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. நடந்ததைச் சொல்பவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். எழுதி வைத்ததைப் படிப்பவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். அதை அவர் எனக்காக எழுதினாரா, தனக்காகவா, இருவருக்குமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. சோதனை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது, நான் கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் அதை ஒரு நாளும் மீறியதில்லை. பதிவைக் கேட்டேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

“எதுக்கு சார் இப்போ அதெல்லாம்?” என்றார்.

ஊரில் இருப்பவர்களை எல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவன், எனக்கு இரண்டு அடி பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன்: “மேடம், அன்னைக்கு நீங்க என்ன பார்த்தீங்க?”